மச்சாள் செருக்கிய முற்றம்

ஏப்ரல் மாதத்து ரொறன்ரோவை அழகு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொல்பவர் ஒன்றில் படத்தில் பார்த்தவராக இருக்கவேண்டும், அல்லது சொந்தமாக ஒரு முற்றம் இல்லாதவராக இருக்கவேண்டும். பனி கரைந்ததும், அது மாதக்கணக்காக மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே வரும். நசிந்த கோப்பிக் கப்புகள், ஒற்றைக் கையுறை, ஊறிப்போன விளம்பரத் தாள்கள், தெருவில் உள்ள நாய்கள் எல்லாம் வந்து போனதற்கான அடையாளங்கள். நடுவே புல், பழைய சாக்கின் நிறத்தில், ஈரத்தோடு படுத்துக் கிடக்கும். இது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று நம்ப ஒரு பக்குவம் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பக்குவம் என் கணவருக்கு மட்டும்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சென் ஜேம்ஸ் ரவுணில் வானத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் சில வருடங்கள் இருந்துவிட்டு, வெக்ஸ்போர்ட்டில் சின்ன வீடொன்றை வாங்கி வந்திருந்தோம். முன்னால் ஒரு துண்டு நிலம், பின்னால் அதைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. முன்பக்கத்துப் புல்லைப் புழு தின்று அங்கங்கே சொட்டை விழுந்திருந்தது. வீட்டுக்குள் குழாய் ஒழுகியது, அடுப்பில் ஒரு பக்கம் எரியவில்லை. அதெல்லாம் இவருடைய கண்ணில் படவில்லை. (வீட்டில் கணவரை நான் இவர் என்றுதான் சொல்வது. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.) இவருடைய நித்திரையைக் கெடுத்தது அந்தச் சொட்டைதான்.

ஒக்ரோபர் மாதத்தில், பாய்போலச் சுருட்டி விற்கும் புல்லை வாங்கி லொறியில் இறக்கினார். பழைய புல்லைக் கிளப்பிவிட்டு, முழங்காலில் நின்று, ஒவ்வொரு பாயாக விரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து அழுத்தினார். பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் வேலியில் சாய்ந்து நின்று கட்டளை போட்டார். அந்தத் தெருவிலேயே நல்ல புல் அவருடையதுதான். முடிந்ததும் இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் வெறுங்காலோடு புல்லில் நடந்தார்.

"இஞ்சரும், வந்து ஒருக்காக் கால் வைச்சுப் பாரும்," என்று என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு நாளைக்கு வேலை இருக்கு. நான் காய்ச்சல் வாங்க வரேல்லை," என்றேன். அடுத்த நாள் தும்மியது இவர்தான். ஆனால் அந்தத் தும்மலிலும் ஒரு பெருமை இருந்தது.

நவம்பரில் மச்சாள் வந்து சேர்ந்தார்.

மச்சாள் என்றால் இவருடைய அக்கா. கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் போனபிறகு இவரை வளர்த்துப் படிப்பித்தது அவர்தான். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றுக்கு மனேஜராக இருந்தவர். அரிசி மூட்டையைத் தட்டிப் பார்த்தே எத்தனை கல் இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று இவர் சொல்வார். யாழ்ப்பாணத்தைவிட்டுச் சனமெல்லாம் கிளம்பியபோது அவரும் கிளம்பி, எங்கெங்கோ தங்கி, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். வீடு குடிபூருகிறோம், அக்கா வரவேண்டும் என்று இவர் விசிட்டர் விசாவுக்கு எழுதிப் போட்டார். அந்தக் காலத்தில் அப்படி எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்றுதான் பதில் வரும். என்ன அதிசயமோ மச்சாளுக்குக் கிடைத்தது. குடிபூரல் முடிந்து, பால் காய்ச்சிய பானையும் கரி பிடித்த பிறகுதான் கிடைத்தது.

சூட்கேசைத் திறந்தால் மேலே ஒரு ஈர்க்கு விளக்குமாறு. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாராம். மச்சாள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, தரையை இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினாராம். மனிசன் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

குளிர்காலம் முழுவதும் நானும் மச்சாளும் ஒரே சமையலறையில் காலம் தள்ளினோம். நான் கழுவிய சட்டியை அவர் திரும்பக் கழுவுவார். அவர் கூட்டிவிடும் ஹீற்றரை நான் குறைப்பேன். சம்பலில் உப்பில்லை என்பார். நீங்கள் அரைக்கும்போது உப்பு மலிவாக வருகிறதோ என்பேன். இரண்டு பேருக்கும் நாக்கில் முள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். தொழிற்சாலையில் மாலை வேலை முடித்து வரும்போது வீட்டில் வெளிச்சம் இருக்கும், உள்ளே யாரோ ஒருவர் "இவ்வளவு நேரமும் என்ன செய்தனி?" என்று கேட்கக் காத்திருப்பார். தாயை விட்டுவிட்டு வந்தவள் நான். என்னை அப்படி ஏசுவதற்கு இந்த நாட்டில் எனக்கு வேறு யாரும் இருக்கவில்லை. எனக்கு மச்சாளைப் பிடித்துவிட்டது. அதை அவரிடம் சொல்லலாம் என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

ஏனென்றால் அவர் போகப்போகிறவர். வந்த கிழமையே சொல்லிவிட்டார். ஜூன் மாதத்துக்குத் திரும்பிப் போகும் ரிக்கற் அலுமாரியில் இருந்தது. இவர் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பேச்சை எடுப்பார்.

"அக்கா, லோயர் சொல்லுறார் கேஸ் போடலாமாம். போட்டால் இஞ்சையே நிக்கலாம். போனால் பிறகு ஒருநாளும் விடமாட்டான்."

"நான் அகதி இல்லை. எனக்கு வீடு இருக்கு."

"வீட்டிலை ஆமியெல்லோ இருக்கு, அக்கா."

"இருக்கட்டும். வாடகை குடுக்காமல் எவ்வளவு நாளைக்கு இருப்பாங்கள்?"

இவர் கெஞ்சுவார். கடைசியில் எழுந்துபோய் யன்னலுக்குப் பக்கத்தில் நின்று புல் இருக்கவேண்டிய இடத்துப் பனியைப் பார்ப்பார். நான் அந்த நேரத்தில் வாய் திறப்பதில்லை. அது அக்காவும் தம்பியும் பேசும் பேச்சு. நான் நடுவில் போய் ஏதும் சொன்னால், நில்லுங்கோ என்றாலும் போங்கோ என்றதுபோலத்தான் கேட்கும் என்று பயம். அதனால் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவேன். மச்சாள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பனி கரைந்தது. இவர் கராஜைத் திறந்து ஆயுதங்களை எடுத்து வெளியே அடுக்கினார். குப்பை வாரும் ரேக், பசளை மூட்டை, பசளை தூவும் சில்லு வண்டி. முந்தின வீட்டுக்காரர் விட்டுப்போன மண்வெட்டி ஒன்றும் இருந்தது. வருகிற சனிக்கிழமை புல்லை வாரிவிட்டுப் பசளை போடவேண்டும், பின்வளவில் மிளகாய்க்கும் தக்காளிக்கும் பாத்தி கட்டவேண்டும் என்று திட்டம் போட்டார். பக்கத்து வீட்டுக் கிழவரும் வேலிக்கு மேலால் ஆமோதித்தார்.

சனிக்கிழமை வருவதற்கு முதல் வருசப்பிறப்பு வந்தது.

நல்லநாள் பெருநாளுக்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் முற்றம் செருக்குவார்கள். செருக்குவது என்றால் மண்வெட்டியைச் சரித்துப் பிடித்து, புல்லை வேரோடு சீவி எடுப்பது. பிறகு கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவார்கள். அங்கே முற்றத்தில் புல் நின்றால் அது ஆள் இல்லாத வீடு, அல்லது ஆள் இருந்தும் மானமில்லாத வீடு. இந்த நாட்டில் புல்லுக்காகவே மனிதர் உழைக்கிறார்கள் என்பதை நவம்பரில் வந்து இறங்கிய ஒருவர் எப்படி அறிவார்? அவர் வந்து சில நாளில் பனி விழுந்துவிட்டது. பனி போனபிறகு அவர் கண்டது தம்பி வீட்டு முற்றத்தில் செத்துக் கிடந்த காய்ந்த புல். இவருடைய ஒக்ரோபர் கதையை நாங்கள் சொல்லியிருந்தோம்தான். புல்லை ஒருவன் பாடுபட்டு விரித்தான் என்பதை அவர் நம்பவில்லை. புல் விரித்த கதை என்றால் புல்லைக் கிளப்பிய கதையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாராம்.

வருசப்பிறப்புக்கு முதல் நாள் நான் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டு போயிருந்தேன். நாங்கள் இருவரும் வேலையால் வந்து இறங்கியபோது வீட்டுக்கு முன்னால் பழுப்பு மண் மட்டும்தான் இருந்தது. புல் விரித்த அடையாளமே இல்லை. ஒக்ரோபரில் போட்ட புல் அவ்வளவாக வேர் விடவில்லை. மண்வெட்டியைக் கொடுத்ததும் பாய் கழன்று வருவதுபோல் வந்திருக்கிறது. தரை மட்டமாகச் செருக்கி, ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி, கோடு கோடாக விளக்குமாற்று வரி விழுந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார். வாசலுக்கு நேரே அரிசி மாவில் பெரிய கோலம். அதன் அருகே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, என்னுடைய குளிர்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மச்சாள் நின்றார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் கண்டதில்லை.

"இப்பதான் வீடு மாதிரிக் கிடக்கு," என்றார். "வெறும் காடு. நீங்கள் ரெண்டு பேரும் வேலை வேலை எண்டு ஓடுறியள், பாவம். அதுதான் நான் பாத்தனான்."

இவருடைய கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி கீழே விழுந்தது.

"புல்லெல்லாம் எங்கை, மச்சாள்?" என்றேன் நான்.

"பின்னுக்குக் கொத்திப் புதைச்சுப் போட்டன். உக்கினால் மிளகாய்க்கு நல்ல பசளை."

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவருடைய முகத்தைப் பார்த்ததும் அது கோபமாக மாறிவிட்டது. எனக்கு எது மாறினாலும் கோபமாகத்தான் மாறும். "அந்தப் புல்லுக்கு அவர் எவ்வளவு பாடுபட்டவர் எண்டு தெரியுமோ உங்களுக்கு? இஞ்சை புல்லு நிண்டால்தான் வீடு. இது என்ன, சுடலை மாதிரி! ஆரைக் கேட்டு இதிலை கை வைச்சனீங்கள்?" என்று கத்தினேன்.

மச்சாளின் முகம் வாடியது. மண்வெட்டியைக் கராஜின் சுவரில் சாத்தினார். சொருகிய சேலையை இறக்கிவிட்டார்.

"ஓம் பிள்ளை. கேட்டிருக்கத்தான் வேணும். நான் ஆர், விருந்துக்கு வந்த சனம். ஜூனிலை போயிடுவன்தானே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் காலை வருசம் பிறந்தது. மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்து, தோய்ந்து, பொங்கலும் பொங்கினோம். எல்லாம் முறைப்படி நடந்தது, ஆனால் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். பக்கத்து வீட்டுக் கிழவர் பேப்பர் எடுக்க வெளியே வந்தவர், எங்கள் முற்றத்தைக் கண்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு நெடுநேரம் கோலத்தைக் குனிந்து பார்த்தார். இவர் போய் நடந்ததை ஆங்கிலத்தில் விளக்கினார். பாதி கேட்டதுமே கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, தன் கராஜுக்குள் போய் ஒரு பை புல்விதையைக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினார்.

அந்தப் பையை வாங்கியது மச்சாள். யாரும் கூப்பிடாமலே வெளியே வந்து வாங்கினார்.

"நான் செருக்கினது. நானே முளைக்க வைப்பன்," என்று இவரிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. "அது முளைச்சுப் பச்சையா நிக்கிறதைக் கண்டிட்டுத்தான் பிளேன் ஏறுவன். அதுக்கு மேலை ஒரு நாளும் உங்களுக்குப் பாரமா இருக்கமாட்டன்."

அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் ஒரு தலைகீழ்க் கணக்கு ஓடத் தொடங்கியது. புல் முளைத்தால் மச்சாள் போய்விடுவார்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். ரேக்கால் மண்ணைக் கீறி, கட்டிகளை உள்ளங்கையால் உடைத்து, கல்லைப் பொறுக்கினார். பசளை தூவும் வண்டியை நம்பவில்லை. விதையைச் சுளகில் எடுத்து, நெல் விதைப்பதுபோல் கையை வீசி விதைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கிழவர் கிரேக்கத்தில் ஏதோ சொல்ல, மச்சாள் தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் எல்லாம் விளங்கியது. விதைக்கு மேலே காலால் மிதித்து அழுத்தவேண்டும் என்று கிழவர் நடந்து காட்டினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குறுக்கும் நெடுக்குமாக மிதித்தார்கள். பள்ளிக்கூட பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

விதை போட்ட அன்றே குருவிகள் வந்தன. கறுத்தக் குருவிகள், சாம்பல் குருவிகள், தடித்த புறாக்கள். மச்சாள் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு நீளத் தடியோடு உட்கார்ந்துவிட்டார். வற்றல் காயப்போட்டுவிட்டுக் காகம் கலைத்த அனுபவம் அவருக்கு நிறைய உண்டு. "ஓய், போ! உங்கடை வீட்டிலை தின்ன ஒண்டும் இல்லையோ?" என்று வெக்ஸ்போர்ட் குருவிகளைத் தமிழில் ஏசினார். அது போதாதென்று வெருளி ஒன்றும் கட்டி முற்றத்தின் நடுவே நட்டார். வயலில் குருவியை வெருட்ட நிறுத்தும் அதே வைக்கோல் மனிதன்தான். இங்கே வைக்கோல் இல்லாததால் உள்ளே பழைய பத்திரிகை. மேலே இவருடைய குளிர்ச் சட்டை, தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் ஹொக்கி அணி ஒன்றின் சால்வை. தெருவில் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை வெருளிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். இவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வேலையில் ஆட்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

எனக்கும் மச்சாளுக்கும் இடையில் மட்டும் நிலைமை சரியாகவில்லை. சட்டியைத் திரும்பக் கழுவுவதை அவர் நிறுத்திவிட்டார். சம்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நல்லாயிருக்கு பிள்ளை," என்று சாப்பிட்டார். விருந்தாளிகள் அப்படித்தான் சாப்பிடுவார்கள். அந்த மரியாதை என்னை என்னவோ செய்தது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் அதற்குப் பதிலாகச் சம்பலில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டிப் பார்த்தேன். அதையும் நல்லாயிருக்கு என்றார்.

காலையில் விதைக்குத் தண்ணீர் விடுவது என் வேலையாக இருந்தது. மச்சாள் அந்த நேரத்தில் தோய்ந்துவிட்டுச் சாமி கும்பிடுவார். நான் மாலை வேலைக்காரி என்பதால் காலையில் வீட்டில் நின்றேன். ஒருநாள் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றபோது மண்ணில் ஒரு பச்சை தெரிகிறதோ என்று குனிந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு மிட்டாய்க் கடதாசி. அப்போது எனக்கு வந்த ஆறுதலை என்னவென்று சொல்ல! அந்தக் காலையிலும் அதற்கடுத்த காலைகளிலும் நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரைத் திறக்கவில்லை.

அப்படி ஒரு காலையில் பின்கதவால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முந்தி வந்துவிட்டேன். முன்முற்றத்துக்குச் சுற்றி வந்தால் இவர் நின்றார். வேலைக்குப் போகிற உடுப்பில், ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி. மற்றக் கையால் முதல்நாள் சோற்றை எடுத்து விதை போட்ட மண்ணில் வீசிக்கொண்டிருந்தார். சுற்றிவரக் குருவிகள். வெருளியின் தொப்பியில்கூட ஒரு குருவி.

"என்னப்பா செய்யிறியள்?" என்றேன்.

இவர் திடுக்கிட்டுத் திரும்பினார். என் கையைப் பார்த்தார். குழாயின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் சப்பாத்திலும் ஈரம் இல்லை.

"நீர் என்னப்பா செய்யிறீர்?" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் உதட்டில் விரலை வைத்து யன்னலைக் காட்டினார். அது எனக்கு இன்னும் சிரிப்பைக் கிளப்பியது. வாயைப் பொத்திக்கொண்டு கராஜுக்குள் ஓடி, பசளை மூட்டையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஒரு துண்டுப் புல்லுக்காக முழங்கால் தேய்ந்த மனிதர், அது முளைக்கக் கூடாது என்று குருவிக்கு விருந்து வைக்கிறார்.

சிரித்து ஓய்ந்ததும் இவர் சொன்னார், "புல்லு எனக்கு வேண்டாமப்பா. அக்கா நிண்டால் காணும்."

"அதை அவவுக்குச் சொல்லுங்கோவன்."

"எத்தினை தரம் சொல்லிப்போட்டன். அதைச் சொல்ல நீ ஆர் எண்டு கேக்கிறா."

எனக்கு அது உறைக்கவில்லை. இவர் சொன்னதன் உட்பொருள் அன்றைக்கே விளங்கியிருந்தால் எங்கள் வீட்டுக் குருவிகளின் வயிறு கொஞ்சம் காய்ந்திருக்கும்.

இவ்வளவு செய்தும் புல் முளைத்தது. மே மாதம் நடுப்பகுதி தாண்டி, இரண்டு நாள் சிணுங்கல் மழை பெய்து ஓய்ந்த காலை. வழக்கம்போலக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முற்றம் முழுவதும் மெல்லிய பச்சை. நின்று பார்த்தால் இருக்கிறது, குனிந்து பார்த்தால் இல்லை. ஊசி முனைபோல ஆயிரம் முளை. சோறு போட்ட மூலையில்கூட முளைத்திருந்தது.

மச்சாள் எனக்கு முந்தியே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தடி இல்லை.

"முளைச்சிட்டுது," என்றார்.

"ஓம் மச்சாள்."

"தம்பிக்குச் சந்தோசமாயிருக்கும்."

என் கை தன்பாட்டில் குழாயைத் திறந்துவிட்டது. தண்ணீர் என் சப்பாத்தில் ஓடியது. எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு கோபமும் வந்தது.

"போகாதேங்கோ மச்சாள்," என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போய் ஏசுவதுபோலத்தான் வந்தது.

அவர் தலையை நிமிர்த்தினார். "ஆர் சொல்லச் சொன்னது? தம்பியோ?"

"ஒருத்தரும் இல்லை. நான் சொல்லுறன். எனக்கு நீங்கள் நிக்கவேணும். நான் அண்டைக்குக் கத்தினது பிழைதான். சட்டியைத் திரும்பக் கழுவுங்கோ, சம்பலைக் குறை சொல்லுங்கோ. லோயரிட்டைப் போவம். போகாதேங்கோ."

மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு பழைய குரலில், கடை மனேஜர் குரலில், தொடங்கினார்.

"நீ காலமை காலமை தண்ணி திறக்காமல் நிண்டதைச் சாமியறை யன்னலாலை கண்டனான். அவன் குருவிக்குச் சோறு போட்டதையும் கண்டனான். நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போனாப்பிறகு பின்னேரத்திலை நான்தான் தண்ணி விட்டனான். சொன்ன சொல்லுக்கு முளைக்க வைக்கத்தானே வேணும். ஆனால் ஒண்டு கேக்கிறன். தண்ணி விடாமல் நிக்கத் தெரிஞ்ச உனக்கு, நில்லுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லத் தெரியேல்லையோ?"

"இவர் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னவர்தானே!"

"அவன் என்ரை தம்பி. அவன் சொல்லாமல் ஆர் சொல்லுறது? அவன் சொல்லி நான் நிக்கேலுமே? வீடு உன்ரை, அடுப்பு உன்ரை. அவன் கேக்கேக்கை எல்லாம் நீ கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போவாய். நான் வேறை என்னெண்டு நினைக்கிறது?"

எங்கள் ஆட்களின் முறை எனக்குத் தெரியாததில்லை. சகோதரன் வீட்டில் ஒரு பெண் தங்குவதென்றால் அந்த வீட்டுக்காரி வாய் திறந்து கூப்பிட வேண்டும். இன்னொருத்தி வீட்டைப் பற்றியென்றால் நானே அதை விளக்கிச் சொல்லியிருப்பேன். என் வீட்டுக்கு நான்தான் வீட்டுக்காரி என்பது எனக்கு அதுவரை படவில்லை. வீடு இவர் வாங்கியது, புல் இவர் போட்டது, அக்கா இவருடைய அக்கா என்று இருந்துவிட்டேன்.

"அதை நீங்களாவது ஒருக்காச் சொல்லியிருக்கலாமே, மச்சாள்!"

"உது கேட்டு வாங்கிற சாமானோ, பிள்ளை?" என்றார். பிறகு, "பைப்பைப் பூட்டு. முளையெல்லாம் அள்ளுப்படப் போகுது," என்று ஏசினார். எவ்வளவு நாளைக்குப் பிறகு கேட்ட ஏச்சு!

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. வேலையால் வந்த இவரிடம் செய்தியைச் சொன்னதும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். மச்சாள் தடியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். "முளையிலை கால் வைச்சியெண்டால் தெரியும்! குருவிக்கு வைச்ச தடி உனக்கும் காணும்!" வேலிக்கு அந்தப் பக்கம் கிழவர் கைதட்டினார்.

ஜூன் மாதத்து ரிக்கற்றை அப்படியே விட்டுவிட்டோம். லோயரிடம் மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனது நான். இவர் லீவு எடுத்து வரத்தான் இருந்தார், நான் வேண்டாம் என்றேன். நல்ல சேலை உடுத்து, நிமிர்ந்து, சங்கக் கணக்குக் காட்டப் போகிறவர்போல நடந்து வந்தார். முன்மேசையில் இருந்த தமிழ்ப் பிள்ளை விவரம் எழுதிக்கொண்டே, "அன்ரி, இஞ்சை ஆரின்ரை வீட்டிலை இருக்கிறியள்? தம்பி வீட்டிலையோ?" என்று கேட்டது.

நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் எனக்கு முந்திவிட்டார்.

"இல்லைப் பிள்ளை," என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். "இவவின்ரை வீட்டிலை."